எந்தக் கிழமை?

எங்கள் பக்கத்தில் ஒருவர் உங்களைப் பார்த்து, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று சொன்னால், நீங்கள் "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்று சொல்ல வேண்டும். அதோடு விஷயம் முடிந்தது. அவரும் உலை வைக்க மாட்டார், நீங்களும் செருப்பு மாட்ட மாட்டீர்கள். பத்து வருஷம் கழித்துச் சந்தித்தாலும் இருவரும் இதையே திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. இங்கே பிறந்து வளர்ந்தால் தானாக வந்துவிடும்.

அவளுக்கு அது வரவில்லை. அவள் பிறந்தது பின்லாந்தில்.

யாராவது "வீட்டுக்கு வாங்க" என்றால் போதும், அவள் தோள்பையைத் திறப்பாள். நீல அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்று வெளியே வரும். பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுப்பாள். பிறகு சொன்னவரின் முகத்தை நேராகப் பார்த்து, "எந்தக் கிழமை?" என்று கேட்பாள். தமிழில்தான். இந்த இரண்டு சொல்லையும் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாவி நான்தான். எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாமல் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கேள்வி விழுந்ததும் எங்கள் ஊர் மனிதர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதுவரை அந்தக் கேள்வியை அவர்களிடம் யாருமே கேட்டதில்லை. எது வாயில் வருகிறதோ அந்தக் கிழமையைச் சொல்லிவிடுவார்கள். அவள் எழுதிக்கொள்வாள். அந்தக் கிழமையில் போய் நிற்பாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் யார் வாயிலும் அது ஒரு நாளும் ஒழுங்காக வந்ததில்லை. நான் வேலை பார்த்த சிவகாசி அச்சுக் கம்பெனியில் அவளுக்குப் பெயரே பின்லாந்துதான். "பின்லாந்து சாப்ட்டாச்சா?", "பின்லாந்தைக் கூப்பிடு, ப்ரூஃப் பாக்கணும்" என்றுதான் பேச்சு. அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள். நல்ல உயரம். தலைமுடி தேங்காய் நார் நிறம். வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் மூக்கு சிவந்துவிடும்.

அவள் வந்த கதையே ஒரு "வாங்க"வில் ஆரம்பித்ததுதான். எங்கள் முதலாளி ஒருமுறை அச்சு இயந்திரக் கண்காட்சி பார்க்க வெளிநாடு போயிருந்தார். அங்கே ஒரு கல்லூரிப் பேராசிரியரோடு காபி குடித்திருக்கிறார். கிளம்பும்போது, "எங்க ஊருக்கு வாங்க, உங்க பிள்ளைகளையும் அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பேராசிரியர் அதை எழுதி வைத்துக்கொண்டுவிட்டார். அச்சுத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவிக்கு வெளிநாட்டில் ஆறு மாதம் வேலைப் பயிற்சி வேண்டும் என்று இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. வருகிற கடிதத்துக்கெல்லாம் "மிக்க மகிழ்ச்சி, வரவும்" என்று பதில் போடும் எங்கள் மேனேஜர் இதற்கும் அப்படியே போட்டார். ஒரு மே மாதக் கத்திரி வெயிலில், தன் இடுப்பு உயரப் பையோடு கம்பெனி கேட்டில் வந்து நின்றாள்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டர் பிரிவில் கல்யாணப் பத்திரிகை கம்போஸ் செய்கிற எனக்கு அந்தக் கம்பெனியிலேயே கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்று பெயர். தபாலில் பி.ஏ. படித்திருந்தேன்.

"ஏம்மா, நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தானே சொன்னேன்! இப்ப இத எங்கன தங்க வைக்க?" என்றார்.

வெளியே வந்தேன். அந்தப் பிள்ளை நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வேணும்னா எங்க வீட்ல வந்து இருந்துக்கோங்க" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவள் பையைத் தூக்கியிருந்தாள்.

ஆக முதல் பலி முதலாளி, இரண்டாவது பலி நான். மூன்றாவது எங்கள் கட்டிங் மெஷின் அண்ணாச்சி. மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே, "பாப்பா, ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க" என்றார். நோட்டு வந்தது, கேள்வி வந்தது. அவர் "ஞாயித்துக்கிழம" என்று சொல்லி, ஏதோ பெரிய நகைச்சுவை போலச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணாச்சி அப்போது லுங்கியோடு முற்றத்தில் உட்கார்ந்து தலைக்கு மை தேய்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை என்னிடம் வந்து சண்டை பிடித்தார். "ஏத்தா, ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாதா? பாதித் தலையில மையோட உக்காந்திருக்கேன், வாசல்ல வந்து நின்னு வணக்கம்ங்குது. பின்னாடி எனக்கு எட்டலைன்னு பிரஷ்ஷ வாங்கி மிச்சத்தையும் அதுவே தேச்சுவிட்டுச்சு!"

"கோவமா அண்ணாச்சி?"

"கோவமா? எங்க வீட்ல உள்ளவ அம்புட்டுச் சிரிச்சு இருவது வருசமாச்சு" என்றார். அடுத்த மாசம் எந்த ஞாயிறு மை தேய்ப்பது என்பதை அவளிடம் கேட்டுத்தான் முடிவு செய்தார்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பா பஸ் கண்டக்டர். அவர் வீட்டுக்குள் பேசினால் தெருமுனையில் நிற்பவர் பதில் சொல்வார். இவளை முதல் நாள் பார்த்ததும், "உள்ள போங்க, உள்ள போங்க, எடமிருக்கு" என்று பஸ்ஸில் சொல்வது போலவே சொன்னார். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தோம். எங்கள் ஓட்டு மாடி மதியத்தில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் மட்டும், தங்கள் ஊரில் மரத்தாலான ஓர் அறையைச் சூடாக்கி, அதற்குள் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பதுதான் பெரிய சுகம் என்று சொன்னாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப இந்தப் புள்ள தேடி வந்த ஊரு சரிதான்" என்றாள்.

வேலையில் அவள் புலி. கையில் சின்ன பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் பார்ப்பாள். ஒரு முருகன் காலண்டரில் வேலின் சிவப்பு ஒரு நூல் தள்ளியிருந்தது என்று ஓடிக்கொண்டிருந்த மெஷினையே நிறுத்தச் செய்தாள். பட்டாசு லேபிளில் இருக்கிற கிளியும் மயிலும் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பட்டாசுச் சத்தம்தான் பிடிக்காது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் புதுச் சரக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் இவள் மேஜைக்கு அடியில் இருப்பாள். ஒரு மாதத்தில் அதுவும் பழகிவிட்டது. பிறகு நாங்கள் பதறினாலும் அவள் பதறுவதில்லை.

பைண்டிங் பிரிவு அக்காமார்களிடம் அவள் பட்ட பாடு தனி. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகப்போகிறோம், "நீயும் வாத்தா" என்றார்கள். நடந்தே போனாள். காலில் கொப்புளத்தோடு வந்து, மஞ்சள் பூசிய முகத்தோடு மெஷின் முன்னால் நின்றாள். ஒரு தடவை விசா விஷயமாகச் சூலக்கரையில் ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதைக்கு, "வீட்டுக்கு ஒரு நாள் காபி சாப்பிட வாங்க மேடம்" என்றார். நான் அவள் கையைப் பிடித்து இழுப்பதற்குள் நோட்டு வெளியே வந்துவிட்டது. காபியோடு விடாமல் அந்த வீட்டில் கொழுக்கட்டை அவித்துக் கொடுத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் சாத்தூர்க் கல்யாணம். நான் கம்போஸ் செய்த பத்திரிகைகளை வைத்துத்தான் அவள் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு பத்திரிகையில் "தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து" என்று இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, யார் வரவேண்டும் என்று கேட்டாள். நான் வேலை மும்முரத்தில், "எல்லாரும்" என்றேன். பத்திரிகையில் இருந்த தேதிக்கு லீவு போட்டுவிட்டுச் சாத்தூருக்குப் போய்விட்டாள். பெண் வீட்டார் இவளை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு கவனித்தார்கள். வீடியோக்காரர் பெண்ணைவிட இவளைத்தான் அதிகம் எடுத்தாராம். தாம்பூலப் பையில் இரண்டு தேங்காயோடு வந்து இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் இருந்து அவளுடைய அம்மாவுக்குப் போன் பேசுவாள். பேசும்போது சிரிப்பாள். வெளியே வந்ததும் எங்கள் தெருமுனை வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். தெரு திரும்பியதும் நோட்டைப் புரட்டி, "இந்த வாரம் யார் வீடு?" என்பாள். அந்தத் தெருமுனை வரைக்குமான தூரத்தில் நானும் பேசாமல்தான் நடப்பேன்.

இப்போது எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் ஒரே அண்ணன். மல்லாங்கிணற்றில் மானாவாரிப் பருத்தியும் சோளமும் போடுகிறவர். நாலு வருஷமாக எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. காரணம் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீடு பால் காய்ச்சிய அன்று, மாமாவும் அத்தையும் சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். அப்பா சமையல் ஆளைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில். வாசலில் "வாங்க" என்று சொல்ல ஆள் இல்லை. மாமா கணக்கில் அரை மணி நேரம், அப்பா கணக்கில் ரெண்டு நிமிஷம். மாமா தட்டோடு திரும்பிப் போய்விட்டார்.

"தங்கச்சி வீட்டுக்கு வாறதுக்கு எதுக்கு வெத்தல பாக்கு? உள்ள வந்திருக்க வேண்டியதுதான?" என்பது அப்பா கட்சி.

"வாசல்ல நின்னோம், வான்னு ஒரு வார்த்தை இல்ல" என்பது மாமா கட்சி.

இரண்டும் நியாயம்தான். நடுவில் அம்மாதான் நாலு வருஷமாக ஆடிக்கும் தீபாவளிக்கும் தனியாக அழுதாள்.

அந்த வருஷம் ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் குறித்தது. வெள்ளிக்கிழமை, ஒன்பதில் இருந்து பத்தரை, விருதுநகரில் மண்டபம். எங்களில் பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டியது தாய்மாமன். மாமா இல்லை என்றால் அந்த இடத்தில் யாரோ ஒரு ஒன்றுவிட்ட ஆளை நிறுத்த வேண்டும். ஊர் பார்க்கும். அம்மாவுக்கு ஊர்கூடப் பெரிதில்லை. "எங்கண்ணன் வரலைன்னா நான் யாரு கூடப் பொறந்தவன்னு இருக்கும்" என்றாள்.

பத்திரிகையில் மாமா பெயரை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டு நானே கம்போஸ் செய்தேன். தாம்பாளம் வைத்துக் கூப்பிட அப்பா, அம்மா, நான் மல்லாங்கிணற்றுக்குப் போனோம். "நீயும் வாறியா?" என்று அம்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதால் பின்லாந்தும் கூட வந்தாள்.

மாமா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். பத்திரிகையை நிதானமாக வாசித்தார். தண்ணீர் கொடுத்தார்கள். அப்பா விட்டத்தைப் பார்த்தார், மாமா தரையைப் பார்த்தார். கடைசியில் மாமா, "பாப்போம்" என்றார். எங்கள் ஊரில் "பாப்போம்" என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

நாங்கள் வாசலில் இறங்கியபோது, வீட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளையை ஒன்றும் சொல்லாமல் அனுப்ப மாமாவுக்கு மனசு வரவில்லை. "இன்னொரு நாள் வாங்கம்மா" என்றார். அவளை மட்டும் பார்த்துத்தான் சொன்னார்.

நோட்டு வெளியே வந்தது. "எந்தக் கிழமை?"

மாமா திகைத்தார். கையில் பத்திரிகை இருந்தது. அதைப் பார்த்தபடியே, "வெள்ளிக்கிழம" என்றார்.

திரும்பி வரும் பஸ் முழுக்க அம்மா அழுதாள். "கல்யாணத்தன்னைக்கு வீட்டுக்கு ஆளு கூப்பிடுதாரே! அன்னைக்கு வீட்லதான் இருக்கப்போறேன்னு மொகத்துக்கு நேராச் சொல்லிட்டாரே!" அப்பா அந்தப் பஸ்ஸில் கண்டக்டர் இல்லை, ஆனாலும் எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டார். எனக்கு அவள்மேல் கோபமான கோபம். அவள் அந்தப் பாழாய்ப்போன நோட்டை எடுக்காமல் இருந்திருந்தால் மாமா இப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். அவளிடம், "இதெல்லாம் சும்மா சொல்றது. நீ போகத் தேவையில்ல, நோட்டுல அத அடிச்சிடு" என்று கடுப்பாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அடிக்கவில்லை.

கல்யாணத்தன்று விடிந்தபோது மண்டபம் அமளிதுமளியாக இருந்தது. மாமாவை அழைத்து வர ஆள் அனுப்பச் சொல்லி அம்மா முதல் நாளே கெஞ்சியிருந்தாள். அப்பா, "தாம்பாளம் வச்சுக் கூப்பிட்டாச்சு. இன்னும் மேளத்தோட போய் நிக்கணுமாக்கும்?" என்று கத்திவிட்டார். அதற்குப் பிறகு பந்தல்காரரைக் கத்தினார், சமையல்காரரைக் கத்தினார், ஐஸ் கொண்டுவந்தவரைக் கத்தினார். காலையில் எழுந்தபோது அவருக்குத் தொண்டையில் ஒன்றுமே இல்லை. காற்றுதான் வந்தது. கையால் பேசிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு, "பின்லாந்தை எங்க?" என்று யாரோ கேட்டார்கள். பாயில் இல்லை. அம்மா அவளுக்கு எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுச்சேலையும் இல்லை. அக்காவின் தலைக்கு வாங்கிய பூவில் இரண்டு முழம் குறைந்தது. ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். அக்காவுக்குப் பின்னலில் ஊசி குத்திக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று உறைத்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

மல்லாங்கிணற்றில் நடந்ததை அத்தை அதற்குப் பிறகு நூறு தடவையாவது நடித்துக் காட்டியிருக்கிறாள். விருதுநகரில் இருந்து முதல் டவுன் பஸ் பிடித்து, ஊருக்குள் வழி கேட்டு, கொசுவம் பாதி கையிலும் பாதி இடுப்பிலுமாக இவள் போய் இறங்கியிருக்கிறாள். அங்கே மாமா சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, திருநீறு எல்லாம் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். அத்தை பட்டு கட்டியிருந்தாள். சீர்த்தட்டுகள் ஏழும் துணி மூடித் தயாராக இருந்தன. ராத்திரியே எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அழைக்க ஆள் வருகிறதா என்று விடியக் கருக்கலில் இருந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் வராமல் போக மாட்டேன் என்று மாமா, ஆள் வரமாட்டார்கள் என்று அத்தை.

வாசலில் இவள் தலை தெரிந்ததும் மாமா எழுந்து, "வாங்க" என்றாராம்.

இவள் உள்ளே போனாள். இட்லி வைத்தார்கள். மூன்று இட்லி சாப்பிட்டாள், சட்னி கேட்டு வாங்கினாள், கை கழுவினாள். பிறகு மாமா முன்னால் வந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "இப்ப நீங்க எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள். எங்க வீடு என்றுதான் சொன்னாளாம்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, "எந்தக் கெழம?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கு. ஒம்பது டூ பத்தரை."

அத்தை அந்த இடத்தில் எப்போதும் நடிப்பை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

அந்த நேரத்துக்கு அங்கே கிடைத்தது விருதுநகருக்குப் போகிற பால் வண்டிதான். எட்டே முக்காலுக்கு அது மண்டப வாசலில் வந்து நின்றது. பின்னால் பால் கேன்களுக்கு நடுவில் சீர்த்தட்டுகளைப் பிடித்தபடி மாமா, வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இல்லாமல். முன்னால் டிரைவர் பக்கத்தில் அத்தையும் இவளும். வண்டி நிற்பதற்கு முன்பே இவள் தலையை வெளியே நீட்டி, "அப்பா! மாமா வந்தாச்சு!" என்று கத்தினாள். எங்கள் அப்பாவை அப்பா என்று அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மேளம் நின்றது. மாமா இறங்கினார். வாசல்படிக்கு ஓர் அடி முன்னால் வந்து நின்றுகொண்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே நிற்பு. சந்தனக் கிண்ணத்தோடு அப்பா படிமேல் நின்றார். அம்மா என் தோளைப் பிடித்த பிடி எனக்கு ரெண்டு நாள் வலித்தது.

அப்பா வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். "ஹா" என்றது. ஊரையே அதட்டின குரல், தேவைப்பட்ட ஒரே ஒரு சொல்லுக்கு வரவில்லை. மாமா முகம் சுருங்க ஆரம்பித்தது. அப்பா கிண்ணத்தை அப்படியே என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கி ஓடி, மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னவோ சொன்னார்.

மாமா அவரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "என்ன மாப்ள, தொண்டைக்கு என்ன?"

"சமையக்காரங்கிட்டக் கத்திக் கத்திப் போயிருச்சு மச்சான்" என்று காற்றில் சொன்னார் அப்பா. "வாங்க. வாங்க. உள்ள வாங்க."

பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. என்ன, என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். மாமாவே கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, உச்சஸ்தாயியில் அறிவித்தார்: "வாங்கன்னு சொல்லிட்டாருய்யா!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நாதஸ்வரக்காரர் சிரித்து முடித்து ஊதுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாமா அக்காவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தபோது அம்மா அழவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். எல்லா போட்டோவிலும் அம்மாவுக்கு வாய் திறந்துதான் இருக்கிறது. அவற்றில் பாதியில் பின்புறம் மாம்பழ நிறச் சேலையில் ஓர் ஆள் பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

கார்த்திகையில் அவளுடைய ஆறு மாதம் முடிந்தது. பை அடுக்கும்போது நான் கேட்டேன்: "உனக்கு இன்னுமா தெரியல? இங்க வாங்கன்னு சொல்றது சும்மா."

"தெரியும்" என்றாள். "ரெண்டாவது மாசமே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிறகு ஏன் போன?"

"போனேன். சோறு போட்டாங்க. சும்மா சொன்னவங்க எப்படிச் சோறு போடுவாங்க?"

கொஞ்ச நேரம் துணியை மடித்தாள். பிறகு, தான் படிக்கிற ஊரில் எதிர் வீட்டில் மூன்று வருஷமாக ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் தபால்பெட்டியில் இருப்பதால்தான் தெரியும் என்றாள். "எங்க ஊர்ல சும்மாகூட யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள். அந்த ஆறு மாதத்தில் அவளை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன் என்று நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் கொண்டையில் எப்போதும் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

விருதுநகர் ஜங்ஷனில் சாயங்கால ரயிலுக்கு அவளை வழியனுப்ப ஒரு கல்யாணக் கூட்டமே வந்திருந்தது. புதிதாய் மை தேய்த்த கட்டிங் அண்ணாச்சி, பைண்டிங் அக்காமார்கள், முறுக்கு டப்பாவோடு அந்தச் சாத்தூர்ப் பெண்ணின் அப்பா, மல்லாங்கிணற்றில் இருந்து மாமாவும் அத்தையும். வண்டி கிளம்ப ரெண்டு நிமிஷம் இருக்கும்போது அவள் கதவில் நின்று, "எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள்.

"அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு!" என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் சொன்னது.

அவள் நோட்டை எடுத்தாள். பேனா மூடியைப் பல்லால் இழுத்தாள். "எந்தக் கிழமை?"

அண்ணாச்சி தலையைத் தடவினார். அப்பா, "பாப்போம்..." என்று ஆரம்பித்தார், அம்மா முழங்கையால் ஒரு இடி இடித்தாள். வண்டி அசைந்துவிட்டது. அவள் பேனாவைத் தாளில் வைத்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். அப்போது மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயிலோடு ஓட ஆரம்பித்தார். "வெள்ளிக்கிழம! ஏத்தா, வெள்ளிக்கிழம வாறோம்!" அவள் எழுதிக்கொண்டாள். எழுதியதை எங்களுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

இத்தனை வருஷத்தில் ஒவ்வொரு புது வருஷத்துக்கும் அவளிடமிருந்து ஓர் அட்டை வரும். கடைசி வரி எப்போதும் தமிழில், கோணல் எழுத்தில்: "வெள்ளி காபி உண்டு."

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டியா?" என்பார். நானும் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறார் என்று, "போட்டுட்டாப் போச்சு மாமா" என்பேன். போன மாசம் அத்தையோடு வீட்டுக்கு வந்து நாலு போட்டோவை மேஜையில் வைத்தார். இரண்டு அவருடையது, இரண்டு அத்தையுடையது.

"இன்னுமா மாமா?" என்றேன்.

"எந்த வெள்ளின்னு நான் சொல்லலைல்ல? அப்ப இன்னும் நாள் தவறல" என்றார்.

படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அப்பா, அம்மாவுக்கும் சேர்த்து. போட்டோவில் மாமா கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு, வாசலில் யாரோ வாங்க என்று சொல்லிவிட்ட முகத்தோடு இருக்கிறார்.